சூசையப்பர் பெயரில் மூன்று டிக்கெட்

எங்கள் வீட்டு முன்னறையில், கதவைத் திறந்ததும் நேரே கண்ணில் படும்படி, மாதாவும் குழந்தை இயேசுவும் இருக்கிற படம் ஒன்று மாட்டியிருக்கிறது. கல்யாணமான வருஷம் ஏற்காட்டில் கோயில் திருவிழாக் கடையில் வாங்கினோம். என் வீட்டுக்காரர் எஸ்டேட் லாரி டிரைவர். காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்குகிற நாளெல்லாம் அந்தப் படத்தின் முன்னால் நின்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிவிட்டுத்தான் சாவியை எடுப்பார். மழைக்காலத்தில் மலைப்பாதையில் பாறை உருண்டு கிடக்கும். பனி இறங்கினால் வளைவு எது, பள்ளம் எது என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் வண்டிக்கு ஒரு கீறல் இல்லையென்றால் அது தன் கைத்திறமை இல்லை, அந்தத் தாயின் பார்வை என்பார். நான் அவருடைய கைத்திறமையையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். ஆண்டவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் ஒரே மகள் கன்னியர் மடத்தில் சேர்ந்து, நர்சு வேலை கற்று, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள இத்தாலி நாட்டுக்கு அனுப்பப்பட்டாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு. இனிமேல் சாகும்வரை ஆண்டவருக்குத்தான் என்று பீடத்தின் முன்னால் வாக்குக் கொடுக்கிற நாள். அதற்குப் பெற்றவர்கள் வரவேண்டும் என்று மடத்திலேயே பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். அதைப் பற்றி மகள் எழுதிய கடிதத்தில் இன்னொரு சேதியும் இருந்தது. நம் வீட்டில் மாட்டியிருக்கிறோமே, அந்தப் படத்தின் அசல் இங்கே ஒரு மியூசியத்தில் இருக்கிறது, மடத்திலிருந்து ரயிலில் போய் வந்துவிடலாம் என்று.

அவர் அந்தக் கடிதத்தை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். எட்டாவதோடு நின்றவள் நான், அவர் அதற்கும் கீழே. படித்து முடித்ததும் சொன்னார்: "ஏம்புள்ள, அங்க போயி எனக்கு வேற ஒண்ணும் பாக்க வேண்டாம். புள்ள வார்த்தைப்பாடு குடுக்கறதப் பாக்கோணும், அந்தப் படத்தப் பாக்கோணும். அவ்வளவுதான்."

கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு அது வேண்டும் இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காத மனிதர். அவர் கேட்டது இந்த ஒன்றுதான். அதனால் எனக்கு அது பெரிய கடமையாகத் தெரிந்தது.

அடுத்த கடிதத்தில் மகள் எச்சரிக்கை எழுதினாள். கோடையில் அந்த மியூசியத்துக்கு உலகமே வருமாம். விடியற்காலை வந்து நின்றும் உள்ளே போகாமல் திரும்புகிறவர்கள் உண்டாம். முன்னாலேயே டெலிபோனில் சொல்லி நாளும் நேரமும் வாங்கிவிடவேண்டும். எந்த நாள் தனக்கு வெளியே போக உத்தரவு கிடைக்கும் என்று மூத்த கன்னியர் சொன்ன பிறகுதான் அதைச் செய்ய முடியும். ஆனால் அந்த நேரத்தில் தான் மௌன தியானத்தில் இருப்பாளாம். வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் ஒரு வாரத்துக்கும் மேல் யாரிடமும் பேசக்கூடாது, பெற்ற தாயிடம்கூட. "அதனால் டிக்கெட்டுக்கு நீதான் பேசவேண்டும் அம்மா. அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இருப்பார்கள்."

என் இங்கிலீஷ் எங்கிருந்து வந்ததென்று சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிற வேலை எனக்கு. வரிசையாக நில், தள்ளாதே, தட்டில் மிச்சம் வைக்காதே, இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா, இவை எல்லாம் எனக்கு இங்கிலீஷில் தடுக்காமல் வரும். இதற்கு மேல் போனால் திணறுவேன்.

நாங்கள் புறப்படுகிற சேதி அடுத்த ஊரான வாழவந்தி வரைக்கும் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே கேட்டாள்:

"ஏனுங்கக்கா, படம் பாக்க அட்வான்ஸ் புக்கிங்குன்னு சொல்றாங்க, நெசமாலுமா?"

"ஆமாங்கறேன்."

"அப்படி என்ன படமுங்க? சண்டைப் படமா?"

"மாதா படம் புள்ள."

"அதுதான் உங்க ஊட்டுலயே தொங்குதே! அதுக்கு ஏரோப்பிளேன் ஏறிப் போயி டிக்கெட்டு வேற எடுக்கோணுமா? எங்கூட்டு முருகனப் பாக்கறதுக்கு நான் டிக்கெட்டுப் போட்டா நீங்க எடுப்பீங்களா?"

"உங்கூட்டு முருகனுக்கு முன்னால உன்ற ஆடு கட்டியிருக்குது. அத அவுத்துக் கட்டு, அப்புறம் டிக்கெட்டுப் போடு."

அவள் சிரித்த சிரிப்பில் ஆடே மிரண்டது. புறப்படுகிற அன்றைக்கு அவள்தான் எங்களுக்கு வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

விமானத்தில் போனது, மடத்தில் போய் இறங்கியது எல்லாம் தனிக் கதை. விருந்தினர் அறையில் எங்களைத் தங்கவைத்தார்கள். மகளைத் தினமும் பூசையில் பார்ப்போம். அவள் தலை குனிந்தபடி எங்களைக் கடந்து போவாள். ஒரு நாள் மட்டும் போகிற போக்கில் என் கைக்குள் ஒரு துண்டுச் சீட்டை வைத்தாள். வெளியே போக உத்தரவு கிடைத்த நாள், மியூசியத்தின் டெலிபோன் நம்பர், இவ்வளவுதான் அதில். நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அது. அதை விட்டால் வேறு நாள் கிடையாது.

மடத்து வாசலைப் பார்த்துக்கொள்கிற ஒரு வயதான கன்னியர் இருந்தார். நடையில் சூசையப்பர் சிலை, நாங்கள் சுரூபம் என்போம், அதற்குப் பக்கத்துச் சுவரில் டெலிபோன். அந்த அம்மா எனக்காக நம்பரைச் சுழற்றி, அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லி, ரிசீவரை என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். இங்கிலீஷ் பேசினாள். நான் பள்ளிக்கூடத்துக் குரலில், வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி, நாளைச் சொன்னேன், மூன்று பேர் என்றேன், என் மகள், என் வீட்டுக்காரர், நான் என்றேன். அவளும் நல்ல பெண். நிறுத்தி நிறுத்திப் பேசினாள். காலையில் இந்த நேரத்துக்கு இடம் இருக்கிறது, சரியா என்றாள். சரி என்றேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அவள் கேட்டாள்: "உங்கள் கணவர் பெயர் என்ன, மேடம்?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. கல்யாணத்து அன்றைக்குப் பீடத்தின் முன்னால் சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னதோடு சரி. எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் சொல்லமாட்டோம். இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் அதில் வித்தியாசம் கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள் எனக்காகச் சொல்வாள், அவளுக்காக நான் சொல்வேன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வலியில் கிடந்த என்னிடம் நர்சம்மா கேட்டதற்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் பதில் சொன்னாள். மகள் பேச ஆரம்பித்த பிறகு கவலையே இல்லாமல் போயிற்று. "கண்ணு, உங்கப்பா பேரச் சொல்லு" என்றால் மணி அடித்த மாதிரி சொல்லிவிடுவாள்.

இங்கே எனக்குப் பக்கத்தில் நிற்கிறது வாசல் கன்னியர். அந்த அம்மாவுக்கு என் வீட்டுக்காரர் பெயரும் தெரியாது, என் பாஷையும் தெரியாது. வீட்டுக்காரரோ தோட்டத்தில் மடத்து வேனுக்கு அடியில் படுத்திருந்தார். சும்மா இருக்கமாட்டார், டிரைவர் கை. என் பெயரையாவது சொல்லியிருக்கலாமே என்று இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவள் கேட்டது கணவர் பெயரை. எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

"ஹலோ? மேடம்? பெயர்?"

நான் திரும்பினேன். சூசையப்பர் லீலி மலரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதாவின் கணவர், இயேசுவை வளர்த்தவர், அவரும் ஒரு குடும்பத் தலைவர்தானே என்று தோன்றியது.

"ஜோசப்," என்றேன். சூசையப்பருக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர்.

"குடும்பப் பெயர்?"

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? "ஏற்காடு," என்றேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். நல்வரவு சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் கையில் கிரீசோடு வந்தார். "ஆச்சா புள்ள?"

"ஆச்சுங்க."

"பேரெல்லாம் குடுத்தியா?"

"குடுத்தாச்சுங்க." பெயர் கொடுத்தேன்தானே. யார் பெயர் என்று அவர் கேட்கவில்லை. அந்த நாளில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு நானே முன்னால் போய் ஜோசப் என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

வார்த்தைப்பாடு நல்லபடியாக நடந்தது. சடங்குப்படி மகள் பீடத்தின் முன்னால் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தபோது நான் அழுதேன். அவர் அழவில்லை. ஆனால் புதுச் சட்டைக் காலரைக் கடைசிவரை இழுத்துக்கொண்டே இருந்தார். மௌனம் முடிந்த மகள் அன்றைக்கும் மறுநாளும் பேசினாள் பேசினாள், அப்படிப் பேசினாள். நான் டிக்கெட் விஷயத்தைச் சொல்ல அவள் இடமே கொடுக்கவில்லை என்றுதான் இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

மியூசியத்துக்கு முன்னால் போய் இறங்கினால், அப்பா, எவ்வளவு கூட்டம்! தேர்த்திருவிழா தோற்றது. டிக்கெட் சொல்லிவைக்காதவர்களின் வரிசை மூலை திரும்பி அடுத்த தெருவுக்குள் போய்விட்டிருந்தது. சொல்லிவைத்தவர்களுக்குத் தனி ஜன்னல். அவர் கூட்டத்தில் நிற்கப் பிடிக்காமல் தூரத்தில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, அந்தச் சந்துத் தெருவில் ஒரு பெரிய பஸ் திரும்புவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையைச் சரிசெய்கிற நேரத்தில் மகள் விறுவிறுவென்று ஜன்னலுக்குப் போய்விட்டாள். அவளுக்கு அந்த ஊர்ப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. எங்களுக்கு அதைக் காட்டவேண்டும் என்ற ஆசையும் இருந்திருக்கும்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகம் வாடிவிட்டது. "அம்மா, அப்பா பேருல புக்கிங்கே இல்லீங்கறாங்க. ரெண்டு தடவ பாத்துட்டாங்க. நம்ம நேரம் முடியப்போகுதும்மா. இத விட்டா அந்த வரிசைலதான் நிக்கோணும். அதுக்குள்ள நம்ம ரயிலே போயிரும்."

"அப்பா பேருல எப்படி இருக்கும் கண்ணு?"

"பின்ன யாரு பேருல போட்ட?"

"சூசையப்பர் பேருல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். "அம்மா!" என்றாள். என்னை இழுத்துக்கொண்டு மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள்.

ஜன்னலுக்கு உள்ளே நரைத்த மீசைக்காரர் ஒருவர். ஜோசப் ஏற்காடு என்று சொன்னதும் தேடிப் பார்த்துவிட்டு, இருக்கிறது, மூன்று பேர், யார் ஜோசப் என்று கேட்டார். ஒரே நேரத்துக்கு ஒரே டிக்கெட்டை இரண்டு பேர் கேட்டு வந்து சண்டை ஆகிறதாம். அதனால் பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டுமாம்.

மகள் என் காதோடு சொன்னாள்: "அப்பாதான் ஜோசப், பாஸ்போர்ட்ட ரூம்லயே வெச்சுட்டு வந்துட்டம்னு சொல்லிரும்மா."

"ஏஞ்சாமி, முந்தாநாளுதான் ஆண்டவருக்கு வார்த்தை குடுத்த. அதுக்குள்ள பொய் சொல்றதுக்கு எனக்குச் சொல்லித்தர்றியா?"

"நான் எங்கம்மா சொல்றேன், உன்னத்தான சொல்லச் சொல்றேன்!"

எனக்குப் பயம்தான். தூணில் சாய்ந்து நிற்கிற மனுஷன் கேட்டது வாழ்நாளில் ஒன்று. என் நாக்கு எழாததால் அது போய்விடக்கூடாதே. ஆனாலும் மாதா படத்தைப் பார்ப்பதற்குப் பொய் சொல்லிக்கொண்டா உள்ளே போவது? நான் என் இங்கிலீஷில் நேரே சொன்னேன். ஐயா, எங்களில் யாரும் ஜோசப் இல்லை.

"அப்படியானால் ஜோசப் எங்கே?"

"பரலோகத்தில் இருக்கிறார்," என்றேன்.

மீசைக்காரர் சட்டென்று எழுந்து நின்றார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, வருந்துகிறேன் மேடம், எப்போது காலமானார் என்று கேட்டார். நான் உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டவர் மலைப்பிரசங்கம் செய்வதற்கு முன்னால் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் ஜன்னல் கட்டையில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்படிச் சிரித்து நான் அவளைச் சின்ன வயதில்தான் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்றவர்கள் எல்லாம், கன்னியருக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பினூடே அவள் எல்லாவற்றையும் அவர்கள் பாஷையில் சொன்னாள். டெலிபோன், நாக்கு ஒட்டிக்கொண்டது, சுரூபம், எல்லாம். மீசைக்காரர் பக்கத்து நாற்காலிப் பெண்ணையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது. அவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கடைசியில் மீசைக்காரர் என்னிடமே கேட்டார். பெயர் சொல்லமாட்டீர்கள் என்றால் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? வீடு தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?

"கூப்பிட்டால் வருவார்," என்றேன்.

"எங்கே, கூப்பிடுங்கள் பார்க்கலாம்."

அவர் நின்ற தூண் சதுக்கத்தின் மறுகோடி. நடுவில் அத்தனை ஜனம், குடைகள், கொடி பிடித்த வழிகாட்டிகள், அந்த பஸ்ஸின் ஹாரன். நான் சாப்பாட்டுக்கூடத்தில் கடைசி மேசைக்குக் கேட்கிற குரலை எடுத்தேன்.

"ஏனுங்க!"

புறாக்கள் எழும்பின. அவர் திரும்பினார். பஸ்ஸை விட்டுவிட்டு, என்னவோ ஆகிவிட்டது என்று, கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார்.

மீசைக்காரர் கை தட்டினார். இதைவிட நல்ல பாஸ்போர்ட்டை நான் பார்த்ததில்லை என்று மகளிடம் சொன்னாராம். மூன்று டிக்கெட்டையும் எடுத்து ஜன்னல் வழியே நீட்டினார். அவருடைய மனைவி காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அவர் பெயரையேதான் சொல்லிக் கத்துகிறாளாம், உங்கள் ஊரில் எனக்கு ஒரு வீடு கிடைக்குமா என்று கேட்டார்.

மூச்சு வாங்க வந்து நின்ற வீட்டுக்காரருக்கு மகள் நடந்ததைச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். "ஏம்புள்ள, எம்பேரு அத்தன கெட்ட பேரா?"

"வாயில வரலீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"சூசையப்பர் பேரு மட்டும் நல்லா வந்துதாக்கும்."

"அவரு எனக்கு மாமனாரு மாதிரிங்க, சொல்லலாம்."

"மாமனாரு பேரையும் நீ சொல்லமாட்டியே!"

மகளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே போனோம். எத்தனை மண்டபங்கள், எத்தனை படங்கள். அவர் எதையும் நின்று பார்க்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி நடந்தார். அந்த அறை வந்ததும் வாசலிலேயே நின்று, குனிந்து பூட்சைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். எங்கள் கோயிலில் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் நுழைவதில்லை. காவல்காரப் பெண் ஓடிவந்து, கூடாது, போட்டுக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் மகளைப் பார்த்தார். "போட்டுக்கிட்டா போறது?" என்று கேட்டார். மனசில்லாமல் போட்டுக்கொண்டார்.

படம் நான் நினைத்ததைவிடப் பெரியது. மேலே ஜன்னல் வெளிச்சம். எனக்கு அதைப் பற்றிச் சொல்லத் தெரியாது. குழந்தையின் தொடையில் மாதாவின் விரல் அழுந்தி இருக்கிற இடத்தில் சதை குழிந்திருந்தது. எங்கள் வீட்டுப் படத்தில் அது தெரியாது. நானும் பிள்ளை பெற்றவள், அந்தக் குழி எனக்குத் தெரியும்.

முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றை ஒட்டி ஜனம் ஊர்ந்து போகவேண்டும், நிற்கக்கூடாது. அவர் ஊர்ந்து போனார். கையைக் கட்டிக்கொண்டு, உதடு அசைய. அறையின் அந்தப் பக்க வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் சுற்றிக்கொண்டு வந்து வரிசையின் வாலில் நின்றார். மறுபடியும் ஊர்ந்தார். மறுபடியும் சுற்றி வந்தார். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தமிட நிற்கிறவர்களைப் போல அத்தனை ஒழுங்காக. காவல்காரப் பெண் முதலில் முறைத்தாள். பிறகு அவருக்கு முன்னால் இடைவெளி விழுந்தால் வாருங்கள் என்று தலையை அசைக்க ஆரம்பித்தாள்.

நானும் மகளும் அறையின் நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். முக்காட்டில் மடத்துச் சோப்பு வாசம். வீட்டுக்குத் திரும்பி வராத பிள்ளை. நாளைக்கு இந்நேரம் நாங்கள் வானத்தில் இருப்போம்.

"ரயிலுக்கு நேரமாச்சும்மா. அப்பாவக் கூப்பிடு," என்றாள்.

"கூப்பிட்டா வந்துருவாரு சாமி. அதுதான் கூப்பிடல."

அவர் இன்னொரு சுற்று வந்து, தானாகவே விலகி, எங்களுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"போதும் புள்ள. போலாம்," என்றார்.

சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை. நாங்களும் எழுந்திருக்கவில்லை. ரயில் போனால் அடுத்த ரயில் வரும் என்று மகள்தான் சொன்னாள்.